ஆடித்தபசு அன்று எடுத்த பிரதி

எனக்குக் கூட்டம் ஆகாது. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலில் கூடுகிற ஜனத்தைப் பார்த்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். கேசட் கடை ரத வீதியில் இருந்தது. என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

என்னிடம் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. என் தங்கை ரசீதாவின் மாப்பிள்ளை துபாயிலிருந்து கடைசியாக லீவில் வந்தபோது எனக்காகத் தூக்கி வந்தது. டி.வி.யில் மாட்டி, டேப் ரிக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால் விளையாட்டு ஏறும். அன்று மதியம், என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஞானஒளிவு ஒரு புது விளையாட்டுக் கேசட்டைக் கொண்டுவந்தார். பெரிய மிருகம் ஒன்று நகரத்துக்குள் புகுந்து கட்டடங்களை நொறுக்கும். மிருகத்தை நடத்துவது நாம்தான். நாலு மணி பஸ்ஸில் அவர் திருவேங்கடம் திரும்ப வேண்டும். பிரதி எடுக்க என்னிடம் வெறும் கேசட் இல்லை.

ரசீதாவின் அலமாரியில் ஒன்று இருந்தது. கடிதத்துக்குப் பதிலாக மாப்பிள்ளை பேசி அனுப்பியது. அடுத்த மாதமே விபத்தில் போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். விதவையாகி என் வீட்டுக்கு வந்த ரசீதா வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கேட்டு அழுவாள். யாரும் அழித்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகிலுள்ள பிளாஸ்டிக் துண்டை உடைத்து வைத்திருந்தாள். அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். ஒட்டினேன்.

“மேல என்னமோ எழுதியிருக்கே வே?” என்றார் ஞானஒளிவு.

“பழைய பாட்டு” என்றேன்.

வெள்ளிக்கிழமை கேசட்டிலிருந்து கீச்சென்ற இரைச்சல் வந்தது. ஐந்து வயது மகள் ஜெய்னப்தான் கெடுத்திருக்கிறாள் என்று ரசீதா முடிவு செய்தாள். “நான் வாப்பாவத் தொடவே இல்ல உம்மா” என்று பிள்ளை கத்தியது. மூன்றாவது அடியைத் தடுத்தது நான்தான். அதை யாரும் சொல்வதில்லை.

சரி செய்து தருவதாகக் கேசட்டை வாங்கிக்கொண்டேன். தினமும் விளையாடுகிறேன். “சரியாயிட்டா அண்ணே?” என்று அவளும் வாராவாரம் கேட்கிறாள். கொஞ்சம் வேலை பாக்கி என்கிறேன்.

இவ்வளவு சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அன்று விளையாட்டு பதிந்து முடிந்த இடத்தில் மாப்பிள்ளையின் குரல் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. “ரசீதா, மச்சானுக்கு வெறும் கேசட் பத்து வாங்கி வச்சிருக்கேன். வாரப்ப கொண்டாறேன். அங்கன கிடைக்காம அலைவாவ, பாவம்.”

பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது. இப்படி அரைகுறையாகக் கேட்டால் ரசீதா தாங்கமாட்டாள். அவளுக்காகத்தான் அந்த இடத்திலும் விளையாட்டை இன்னொரு பிரதி எடுத்தேன்.