யுவராணியிடம் கேட்ட தண்ணீர்

வெயிலில் வந்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பானைத் தண்ணீர்தான். பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மனம் உடைந்தவர்களை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் சேவையில் நான் தன்னார்வலர். அங்குள்ள டாக்டரம்மா எங்களுக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தார். நானாகக் கண்டுகொண்டது இது ஒன்றுதான்: உயிரை விடத் துணிந்து நிற்பவரிடம் புத்தி சொல்லக் கூடாது, குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். அடுத்தவர் தாகத்துக்கு மொண்டு கொடுக்கும் கை, அந்த நேரத்தில் தன்னை அழித்துக்கொள்ளாது.

அகரம் கிராமத்தில் யுவராணியை அப்படித்தான் மீட்டேன். மல்லிகைத் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்றாள். அவள் புருஷன் இளஞ்செழியன் தூரத்தில் நின்று கதறிக்கொண்டிருந்தான். நான் சத்தம் போடவில்லை.

"டவுன் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன் தாயி, தொண்ட வறண்டுபோச்சு. செத்த தண்ணி குடு" என்றேன்.

இறங்கி வந்து, குடத்திலிருந்து சொம்பில் மொண்டு கொடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. ஆஸ்பத்திரி போகும்வரை என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். சாமி எனக்குக் கொடுத்த பிரசாதம் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டில் என்னிடம் தண்ணீர் கேட்கக்கூட ஆள் இல்லை, அம்மா.

எங்கள் சேவையில் ஒரு வழக்கம். இப்படிப்பட்டவர்கள் வீட்டில் மாத்திரைகளை மொத்தமாக வைக்க மாட்டோம். தன்னார்வலர் தன் பையில் வைத்திருந்து, அன்றைக்கு உள்ளதை மட்டும் கொண்டுபோய், கண்ணெதிரே விழுங்கச் சொல்ல வேண்டும். நான் ஒரு நாளும் தவறியதில்லை. நெற்றியில் விபூதி பூசிவிட்டுத்தான் மாத்திரையைக் கையில் கொடுப்பேன்.

மாத்திரை வேலை செய்தது. யுவராணி பூப்பறிக்கப் போனாள். கேலி பேச ஆரம்பித்தாள்.

"ஏக்கா, நிதம் வந்து அட்டெண்டன்ஸ் எடுக்குறீகளே, ஒங்களுக்கு லீவே கெடையாதா?"

இளஞ்செழியன் சிரித்தான். "அக்காவ எம்புட்டு நாளைக்கு அலைய விடுறது? டாக்டரம்மாகிட்ட கேட்டு, இனிமே நாங்களே வாங்கி வச்சுக்கிறோம்."

நல்ல மனிதன். அதனால்தான் இன்று உங்களிடம் பேசுகிறேன். அவன்தான் மாத்திரை கொடுக்கவிடாமல் தடுத்தான் என்று ஊரில் பேசுகிறார்கள். நீங்களும் அவனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அது பாவம். செய்யாத ஒன்றுக்கு யாரும் தண்டனை அனுபவிக்கக் கூடாது.

இளஞ்செழியன் அப்படிச் சொன்ன அன்று, மாத்திரையை விழுங்கியதும் யுவராணி பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை அவசரப்படுகிறாள், இன்னும் முழுதாகத் தேறவில்லை என்றுதான் தோன்றியது.

அதே அளவில், அதே வெள்ளையில், எலும்புக்குப் போடும் சத்து மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கிறது. உடம்புக்கு நல்லதுதான். மறுநாளிலிருந்து அவள் மாத்திரைக்குப் பதிலாக அதைக் கொடுத்தேன். கெட்டது எதையும் நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

கொஞ்ச நாளில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. பூக்கூடை மூலைக்குப் போயிற்று. பழையபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "போகாதீகக்கா, செத்த இருங்க" என்றாள். இருந்தேன். தலை வாரிவிட்டேன். சோறு ஊட்டினேன். டாக்டரம்மா கவலைப்பட்டு மருந்தைக் கூட்டி எழுதினார். அதையும் வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் இளஞ்செழியன் போனில் அழுதான். "மறுபடியும் கெணத்து மேட்டுல நிக்கிறாக்கா. டாக்டரம்மா வண்டிக்கிப் போன் போடவா?"

"வேணாம்ப்பா. வண்டியப் பாத்தா மெரண்டுருவா. நான் வாரேன்" என்றேன்.

எனக்குப் பதற்றமே இல்லை. சாமி கும்பிட்டு, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, அவளுக்குப் பிடித்த பால்கோவா வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

நான் போகும்வரை அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். எனக்காகத்தான் நின்றாள். மேட்டுக்குக் கீழே குடமும் சொம்பும் இருந்தன.

"தாயி, தாகமா இருக்கு. செத்த தண்ணி குடு."

திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்கு நீங்களே மொண்டுக்கங்கக்கா" என்றாள்.

சொம்பை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மேடு காலியாக இருந்தது.

அவள் மாத்திரைகள் சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் வீணாக்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள். யுவராணியின் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இளஞ்செழியனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கிளம்புமுன் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். என் பையில் இன்னொருத்தியின் மாத்திரைக் கவர் இருக்கிறது. தாடிக்கொம்பில் நான் போய்ப் பார்த்துவரும் நாகஜோதியுடையது. இன்றைக்கு அவளைப் பார்க்க யாராவது போக வேண்டும். பாவம், அவளும் இப்போது நன்றாகத் தேறி வருகிறாள். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.