நாலு மூலையும் சேர்த்து

— கையை ஆட்டாதீங்க சிஸ்டர். பொத்தான் கோணிக்கும்.

— கோட்டைக் கழட்டித் தர்றேன்னா கேக்க மாட்டேங்கறீங்களே.

— எதுக்குக் கழட்டணும்? நாலு இழுப்புல முடிஞ்சிடும். டெய்லர் கை கொஞ்சம் துருப்பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.

— ஊசியை மட்டும் மறக்காம என் கையிலேயே திருப்பிக் கொடுங்க. மனநல வார்டுல ஊசி வெளியில சுத்துதுன்னு தெரிஞ்சா, அப்புறம் தலைமை நர்ஸ் வேலைக்கு வேற ஆளைத்தான் தேடணும்.

— தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். வந்தன்னிக்கு என் பெல்ட்டு, ஷூ கயிறு எல்லாத்தையும் உருவிக்கிட்டுத்தான் உள்ள விட்டீங்க. இன்னிக்கு வீட்டுக்குப் போறப்ப உங்க கையாலேயே ஊசியைக் கொடுக்கறீங்க. மனசு நிறைஞ்சு கிடக்கு சிஸ்டர்.

— சரிதான் போங்க. மேல சூப்பரின்டெண்டன்ட் ரூம்ல மீட்டிங். பொத்தான் இல்லாம போய் நின்னா அதுக்கும் சேர்த்துப் பாட்டு விழும். அதான் கொடுத்தேன்.

— தங்கச்சி மருந்து வாங்கப் போயிருக்கு. அது வர்றதுக்குள்ள முடிச்சுடறேன். என்ன மீட்டிங்கு?

— நர்சுங்க ட்யூட்டி மாத்தும்போது நான் ஒண்ணு கேப்பேன். அதை நிறுத்தணுமாம்.

— “நோயைத் தவிர ஒரு விஷயம் சொல்லு, அப்புறம் போ.” அதுவா?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— என் கட்டிலுக்கும் உங்க மேஜைக்கும் நடுவுல ஒரு பலகைதானே இருக்கு? நீங்க கொட்டாவி விட்டாக்கூட எனக்குக் கேக்கும்.

— அடப்பாவி மனுஷா! சுவத்தைப் பார்த்துக் கிடப்பீங்களே. தூங்கறார்னுல்ல நெனைச்சோம்!

— வாயைத்தான் மூடியிருந்தேன், காதை மூடலையே. மருந்து போட்டாச்சு, தூக்கம் இல்ல, எடை குறைஞ்சிருக்குன்னு மளமளன்னு ஒப்பிச்சுட்டுப் பையைத் தூக்குவாங்க. நீங்க வழியை மறிச்சுக்கிட்டு நிப்பீங்க.

— பின்ன? நோயையே பார்த்துக்கிட்டு இருந்தா ஆளு கண்ணுக்குத் தெரியாமப் போயிடுவார். ஜன்னலோரத்துப் பெரியவர் குளிக்கும்போது விசிலடிப்பார். மூலைக் கட்டில் தம்பி, பல்லில்லாத பக்கத்துக் கட்டில்காரருக்கு ரொட்டியைப் பிச்சுப் பிச்சுக் கொடுக்கறான். இதெல்லாம் எந்த சார்ட்டுல இருக்கு, சொல்லுங்க?

— அதைப் போய் ஏன் நிறுத்தணுங்கறாங்க?

— நேரம் வீணாகுதுன்னு சூப்பரின்டெண்டன்ட் சொல்றார். அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். “வீட்டுக்குப் போற அவசரத்துல உங்க நர்சுப் பொண்ணுங்க கதை அளக்கறாங்க”ன்னுட்டார். எனக்கு வந்துதே ஒரு கோபம்! “என் பொண்ணுங்க சொன்னதுல ஒரே ஒரு பொய்யைக் காட்டுங்க, அன்னிக்கே நிறுத்திடறேன்”னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்துட்டேன்.

— ஐயோ.

— என்ன, ஊசி குத்திடுச்சா?

— இல்ல... நூல் சிக்கிக்கிச்சு. அப்படியா சொன்னீங்க? ஒரே ஒரு பொய்யின்னா?

— ஆமா. இன்னிக்கு அதுக்குப் பதில் சொல்லத்தான் போறேன். உங்க கதையைத்தான் சொல்லப் போறேன், சம்மதம்தானே?

— என் கதையில என்ன இருக்கு?

— நல்லா இருக்கே! சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வரும். டாக்டர் கூப்பிட்டா இமைகூட அசையாது. உங்க தங்கச்சி இந்த நாற்காலியில உக்காந்து அழுதுட்டுப் போகும். எனக்கும் கையைப் பிசையறதைத் தவிர ஒண்ணும் தோணல. அப்பதான் கண்ணாடி போட்ட நம்ம நர்சுப் பொண்ணு ஒரு சாயங்காலம் ட்யூட்டி முடிஞ்சு போறப்ப சொன்னா: “அவர் போர்வையை நாலு மூலையும் சேர்த்து மடிச்சுத் தலைமாட்டுல வெக்கிறார் சிஸ்டர்.”

— ம்.

— மறுநாள் காலையில வந்து பார்க்கறேன், இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு! டெய்லர் கை இன்னும் உயிரோடதான் இருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்கு நம்பிக்கையே வந்துது. அப்புறம்தானே துணி மடிக்கிற ரூமுக்கு உங்களைக் கூட்டிட்டுப் போனேன்?

— கிழிஞ்ச தலகாணி உறையை என் மடியில போட்டுட்டு, நீங்களும் பக்கத்துலயே உக்காந்துட்டீங்க. ஒரு வார்த்தை பேசல. நான் தைக்கிற வரைக்கும் எழுந்து போகவும் இல்ல. அதை மறப்பேனா சிஸ்டர்? அதுக்கு முன்னாடி எனக்கு விடியறதே பிடிக்காது. ஏன்டா கண்ணு முழிச்சோம்னு இருக்கும். இன்னிக்கு வீட்டுக்குப் போய் மெஷினுக்கு எண்ணெய் போடணும்னு ஆசையா இருக்கு. தங்கச்சியைப் பொண்ணு பார்த்துட்டுப் போன அன்னிக்குக்கூட நான் இப்படிச் சந்தோஷப்பட்டதில்ல.

— அப்படியே இதை மேல வந்து சொல்லுங்களேன். அவர் வாயடைச்சுப் போயிடுவார்.

— வரலாம்... வந்தா நீங்க தோத்துடுவீங்களோன்னு இருக்கு.

— நான் ஏன் தோக்கறேன்? என்னமோ பூசி மெழுகறீங்க. நிமிர்ந்து என்னைப் பார்த்துப் பேசுங்க.

— அந்தக் கண்ணாடிக்காரப் பொண்ணைத் திட்ட மாட்டேன்னு முதல்ல சொல்லுங்க.

— அவளை எதுக்கு நான் திட்டணும்?

— சொல்லுங்க சிஸ்டர்.

— சரிப்பா, திட்டல.

— அன்னிக்கு அதுக்குப் பஸ் போயிடும். பையை மாட்டிக்கிட்டுத் தவிக்குது. நீங்க விடல. கட்டை மாதிரி கிடக்கறவனைப் பத்தி அது என்னத்தைச் சொல்லும், பாவம்?

— அதான் போர்வையைப் பத்திச் சொன்னாளே.

— சொல்லிட்டு ஒரே ஓட்டமா ஓடுச்சு. நீங்களும் சும்மா இருக்கல. “அப்படியா? காலையில முதல் வேலையா நானே போய்ப் பாக்கறேன்”னீங்க.

— பார்த்தேனே! அவ சொன்னது அப்படியே இருந்துதே!

— இந்தாங்க, ஊசியைப் பிடிங்க. தங்கச்சியைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிட்டு நானும் மேல வர்றேன். உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். அதுவரைக்கும் நான் அந்தப் போர்வையை மடிச்சதே இல்ல சிஸ்டர், காலால உதைச்சுத் தள்ளிட்டுத்தான் கிடப்பேன். நம்மளால அந்தப் பொண்ணு உங்ககிட்ட மாட்டிக்கக் கூடாதேன்னுதான், நீங்க வர்றதுக்குள்ள அவசர அவசரமா எந்திரிச்சு மடிச்சு வெச்சேன்.