அதிராத பெட்டி

ஆம்ப்ளிஃபயர் கட்டுவது பெரிய வித்தையில்லை சார். அதற்கு நல்ல பெட்டி கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. கல்லூரியில் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை. நீங்கள் நாற்காலி போட்டு, தண்ணீரும் கொடுத்துக் கேட்பதால் சொல்கிறேன்.

என் ஆம்ப்ளிஃபயர் பல மாதமாக மேஜைமேல் ஒரு பலகையில் அம்மணமாகக் கிடந்தது. பாடியது, நன்றாகவே பாடியது. கூடவே அடியில் ஒரு ரீங்காரம். பெட்டிக்குள் போகாதவரை அது சுற்றுவட்டார இரைச்சலையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த அறையிலிருந்து, மூக்கில் குழாயோடு, மாமா தினமும் குரல் கொடுப்பார்.

"என்ன மாப்ளே, உன் நூடுல்ஸ் வெந்துச்சா?"

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவரும் அத்தையும்தான். நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷின் தயவில் கட்டிலோடு இருந்தார். மூச்சுக்குத்தான் பஞ்சம், நக்கலுக்கு இல்லை. அதற்காக எனக்கு அவர்மேல் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். கோபத்தில் செய்தால் வேலை சுத்தமாக இருக்காது.

முதலில் பிஸ்கட் டின்னைப் பார்த்தேன். "அதுல பருப்பு போட்டு வெச்சிருக்கேன், கைய எடு" என்றார் அத்தை. மரப்பெட்டியில் சூடு தங்கியது. காயலான் கடையில் ஒரு கம்ப்யூட்டர் கேபினெட் கிடைத்தது. தகடா அது, அப்பளம். ஸ்பீக்கர் 'தும்' என்றால் இது 'கடகட' என்றது. வெல்டிங் கடைக்காரர் என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கோழிக்கூடா, தபால் பெட்டியா?" என்று கேட்டார். கலைஞனுக்கு இதெல்லாம் வழக்கம்.

ஒருநாள் மாமாவின் மாத்திரை கட்டிலுக்கடியில் உருண்டு ஓடியது. எடுக்கக் குனிந்தேன். அங்கே இருந்தது யூபிஎஸ். கரண்ட் போனால் மாமாவின் மெஷினை ஓட்டுவதற்காக வாங்கி வைத்தது. கனத்த இரும்புத் தகடு. விரல் முட்டியால் தட்டினேன். அதிரவே இல்லை. இரண்டு பக்கமும் காற்றுத் துளைகள், பின்னால் விசிறி, அடியில் ரப்பர் கால். என் ஆம்ப்ளிஃபயரைக் கூட்டிப்போய் அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. உள்ளே அருமையான பேட்டரி வேறு. பேட்டரியில் ஓடினால் ரீங்காரம் மருந்துக்கும் இருக்காது. அப்பேர்ப்பட்ட பொருள், என்றைக்கோ போகப்போகிற கரண்ட்டுக்காகத் தூசி தின்றுகொண்டிருந்தது. இதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை.

நான் பொறுப்பில்லாதவன் என்று அத்தை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆட்சேபிக்கிறேன். யூபிஎஸ்ஸை எடுத்த கையோடு மெஷினை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டினேன், வழக்கம்போல ஓடியது. அந்தக் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, கனத்துக்குச் செங்கல் வைத்து, முகப்பில் பச்சை விளக்கு ஒன்றைச் சின்ன பேட்டரியோடு சால்டர் செய்து கட்டிலடியில் தள்ளினேன். அத்தை பெருக்கும்போது பார்ப்பார். விளக்கு எரியும். நிம்மதியாகப் போவார்.

அந்தக் கேபினெட்டையே ஆம்ப்ளிஃபயருக்கு வைத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். அதிருமே சார். கட்டிலடியில் அந்தக் கவலை இல்லை, உள்ளேதான் ஒன்றும் இல்லையே.

அன்று மதியம் அத்தை மருந்துக் கடைக்குக் கிளம்பினார். "கரண்ட் போச்சுன்னா அந்தப் பச்ச லைட்டு எரியுதான்னு மட்டும் பாத்துக்கடா."

"பாத்துக்கறேன் அத்தை."

மாமா கட்டிலில் சாய்ந்தபடி என்னைக் கூப்பிட்டார். "பொட்டி கெடச்சிருச்சாமே. எங்க புடிச்சே?"

"தெரிஞ்ச எடத்துலதான் மாமா."

"போடு, கேப்போம். கத்த மூச்சில்லடா மாப்ளே. நல்லாருந்தா செவுத்துல தட்டுறேன்."

போட்டேன். பாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஃபேன், ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டு மோட்டார், மாமாவின் மெஷின் எல்லாம் ஒருசேர அடங்கின. என் ஆம்ப்ளிஃபயர் மட்டும் பாடியது. அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. பாடகி வரிக்கு வரி மூச்சு இழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

நடுவில் ஏதோ கீ கீ என்று கத்தியது. பதறிப்போனேன். என் சர்க்யூட்டில் கோளாறோ என்று பெட்டியோடு காதை ஒட்டிக் கேட்டேன். இல்லை, மாமாவின் மெஷின்தான், கரண்ட் இல்லை என்று கத்துகிறது. அப்பாடா என்றிருந்தது. அத்தைக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வர, எழுந்துபோய் மாமாவின் அறை வாசலில் நின்று பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்தாயா என்கிறீர்கள். அத்தை பார்க்கச் சொன்னது விளக்கை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சுவரில் தட்டும் சத்தம் வந்தது. சத்தத்தைக் கூட்டினேன். மறுபடி தட்டினார், வேகமாக. இன்னும் கூட்டினேன். பிறகு தட்டல் மெல்ல மெல்லத் தாளத்தைத் தவறவிட்டது. கடைசிச் சரணத்தில் நின்றுவிட்டது.

ஆமாம் சார். யூபிஎஸ்ஸை எடுத்தது நான், விளக்கை வைத்தது நான், சத்தத்தைக் கூட்டியதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். நாளைக்கு மறுபடி தேடச் சொன்னாலும் அந்தப் பெட்டியைத்தான் எடுப்பேன்.

மாமா உதவிக்குத் தட்டினார் என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். நீங்கள் அந்தப் பாட்டை அந்தப் பெட்டியில் கேட்டதில்லை. பாட்டுப் பிடிக்காத மனிதர், மூச்சு இல்லாத நேரத்தில், அப்படி விடாமல் தட்டுவாரா?