இதயத்துக்கு மூன்று, மனசுக்கு ஒன்று

என் வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுப்பதில் நான் ஒரு நாளும் நேரம் தவறியதில்லை. காலை எட்டு மணி என்றால் எட்டு மணிதான். இதயத்துக்கான மூன்று மாத்திரைகளும் கடைசி நாள்வரை அவர் வாய்க்குள் போயின. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவர். வீடு அவருக்குச் சாப்பிட்டுத் தூங்குகிற இடம். ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். கூட வேலை பார்த்த கண்டக்டரோடு சாயங்காலம் கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அறுபத்தெட்டு வயதில் மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் ஆளே மாறியிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "நீ எங்கேயும் போயிடாதே" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. "மாரடைப்புக்கு அப்புறம் வயசானவங்களுக்கு மனச்சோர்வு வர்றது சகஜம்மா. ஆனா கவனிக்காம விட்டா அது இதயத்தையும் சேர்த்துக் கெடுக்கும். இந்த மாத்திரையையும் கொடுங்க. நாலு பேரோட பழக விடுங்க" என்றார்.

கொடுத்தேன். ஆறு வாரத்தில் அவர் சீட்டியடிக்க ஆரம்பித்தார். ஒரு நாள் முகம் மழித்து, செருப்பை மாட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கண்டக்டரோடு போய்விட்டார்.

மறுநாளே அந்த நாலாவது மாத்திரையை நிறுத்தினேன். அதன் இடத்தில் சத்து மாத்திரை வைத்தேன். நிறம் ஒன்றுதான்.

கண்டக்டர் வந்தால் வாசலிலேயே, "யாரையும் பார்க்கப் பிடிக்கலைங்கறார் அண்ணே" என்பேன். உள்ளே வந்து இவரிடம், "இன்னிக்கும் அவரைக் காணோம்" என்பேன். அவருடைய போனையும் நானே வைத்துக்கொண்டேன். மகள் கூப்பிட்டால் மட்டும் கொடுப்பேன். மூன்று வாரம் நடையாய் நடந்துவிட்டு கண்டக்டர் வருவதை விட்டுவிட்டார். இவரும் ஜன்னலோரத்துக்குத் திரும்பினார்.

ஒரு நாள் திடீரென்று சட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார். "அவன் வரலேன்னா என்ன, நான் போய்ப் பார்க்கறேன்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அவர் போன வாரமே போய்ச் சேர்ந்துட்டாராம். உங்க உடம்பை நினைச்சுத்தான் சொல்லலை" என்றேன்.

சட்டையைக் கழற்றக்கூட இல்லை. அப்படியே உட்கார்ந்தார். அன்று மகளிடம் போனில் அழுததோடு சரி, பேச்சு நின்றுபோயிற்று. சாப்பாடும் இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மதியம் இதயம் நின்றது. டாக்டரை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். டாக்டர் வந்திருந்தால் அவரைத் தேற்றியிருப்பார்.

மகளுக்குச் சந்தேகம் தட்டியது சாவு வீட்டில்தான். கண்டக்டர் மாலையோடு உள்ளே நுழைந்தார். அவள் பேயறைந்த மாதிரி நின்றாள்.

"மாமா, நீங்க செத்துட்டீங்கன்னு அப்பா அழுதாரே."

பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அதற்கப்புறம் என் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட அவள் வாங்கிக் குடிக்கவில்லை. மருந்துக்கடையில் போய், நாலாவது மாத்திரையை நான் எப்போதிலிருந்து வாங்கவில்லை என்று விசாரித்ததும், ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்ததும் அவள்தான். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எல்லாம் நான் செய்ததுதான்.

ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் வாசல் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் நாங்கள் இருவரும் சந்தோஷமாக வாழ்ந்தது அப்போதுதான். பேசுகிற நிலையில் இருந்திருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.