படகுக்கு நின்ற வரிசையில்

மனைவியரை டென்மார்க்குக்கு அழைக்கும் விண்ணப்பங்கள் வருடக்கணக்கில் தேங்கிக் கிடந்த காலம் அது. கோப்பன்ஹேகனில் சுற்றுலாப் படகுக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் எஸ்பியர்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதியும் அவர்களுக்கு நகரத்தைக் காட்ட வந்த இரண்டு நண்பர்களும்.

“கலியாணம் முடிஞ்சு நாலு வருசம். இண்டைக்குத்தான் இவைக்குத் தேனிலவு!” என்றார் ஒரு நண்பர்.

“நான் வந்தே பத்து நாள்தானே, அண்ணை” என்று மனைவி வெட்கத்தோடு சிரித்தார்.

சீட்டுக் கொடுத்த பெண் டேனிஷ் மொழியில் ஏதோ கேட்டாள். கணவர், “யா, யா, யா!” என்றார்.

“என்னப்பா கேட்டவ?” என்றார் மனைவி.

“ரெண்டு பேரும் ஒண்டாய் வந்தனீங்களோ எண்டு.”

“அதுக்கேன் மூண்டு தரம் ஓமெண்டனீங்கள்?”

“இவ்வளவு காலமும் எல்லா இடத்திலையும் ‘தனியவோ’ எண்டெல்லோ என்னைக் கேட்டவை!”

பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லும்வரை நால்வரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள்.