தாளிப்புக் கரண்டி

“ஹலோ... ஆங், நிர்மலாவா? சொல்லும்மா... இட்லிக்குத் தக்காளிச் சட்னியா?”

ரெட்டியார்பாளையம் வீட்டில் வசந்தா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தங்கை சிவசங்கரி இறந்து மூன்று வருஷம். தங்கை புருஷன் அன்பழகன் போன மாசம்தான் நிர்மலாவைக் கட்டிக்கொண்டான். மூலக்குளத்தில் அதே வீடு, அதே அடுப்படி.

“...அவரு தொட்டே பாக்கலியா? இட்லிக்கு வெறும் சக்கரையா... எத்தினி நாளா?... ஒரு வாரமாவா. வாயத் தொறந்து சொன்னா என்னவாம்... சரி சரி, அழாத. இன்னிக்குக் கம்பெனி லீவுதான? எங்க இருக்காரு?... கூடத்துலியா. அப்ப சொல்றேன், செய்யி.”

வேலை என்று வந்ததும் வசந்தாவின் குரல் நிதானப்பட்டது. மிளகாயை முதலில் தனியாக வறுத்து எடுத்துவிட வேண்டும், வெங்காயத்தின் ஈரம் பட்டால் மொறுமொறுப்பு வராது, சரியாக அரைபடாது என்றாள். தக்காளியைத் தண்ணீர் சுண்டும்வரை வதக்கச் சொன்னாள்.

“...சூட்டோட மிக்சில போடாத. ஆவி மூடியத் தூக்கிடும்... ஓ, ஆறவச்சி அரைச்சே வச்சிட்டியா? கெட்டிக்காரிதான். அப்பத் தாளிச்சிடு... ஆமா, ஆமா, நல்லெண்ண... கடுகு வெடிச்சி அடங்கினப்பறம் கறிவேப்பில. அவ்ளோதான். வேற ஒண்ணுமில்ல.”

சொல்லாமல் விட்ட பக்குவம் ஒன்று இருந்தது. தங்கையிடமிருந்து மிஞ்சியது அது மட்டும்தான். அதையுமா எடுத்துக் கொடுப்பது?

“...ஊத்து, ஊத்து. லைன்லதான் இருக்கேன்...”

கடுகு வெடிப்பது கேட்டது. பிறகு பாத்திர விளிம்பில் இரும்பின் சத்தம். டக். டக்.



“நிர்மலா... யாரு தட்டினது?... நீயா? ரெண்டு தடவ தட்டணும்னு உனக்கு யாரு சொன்னா?... என்னாது... ஒட்டிக்கிதா? எங்க?”

கரண்டிக் குழியில் ஒரு நசுங்கல். கடுகு அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஒரு தட்டுக்கு விழாது. சின்ன வயசுச் சண்டையில் வசந்தா தங்கைமேல் வீசிய கரண்டி. குறி தப்பிக் கல் தரையில் விழுந்தது. கல்யாணமாகிப் போகும்போது சிவசங்கரி அதையும் எடுத்துக்கொண்டு போனாள். அதைப் பிடிக்கும் எந்தக் கையும் சிவசங்கரி மாதிரிதான் தட்டும்.

“...இல்லம்மா, ஒண்ணுமில்ல... இரு. ஒண்ண மறைச்சிட்டேன்... ஆமா, வேணும்னுதான். கேளு. அந்தக் கரண்டியத் திரும்ப அடுப்புல காட்டு... இன்னும் காயட்டும்... இப்ப அப்பிடியே சட்னிக்குள்ள முக்கி, தட்டப் போட்டு மூடிடு. பொகை உள்ளியே அடங்கணும். அதான் அவ ருசி.”

சொய்ங் என்று ஓர் ஓசை. தட்டு மூடியது. சற்றுப் பொறுத்து, கூடத்துப் பக்கமிருந்து அன்பழகனின் குரல். அவன் கூப்பிட்ட பெயர் நிர்மலா இல்லை; சங்கரி.



“...கேட்டுச்சி. எனக்கும் கேட்டுச்சி... வாசன வந்ததும் தெரியாமக் கூப்ட்டுட்டாரு... கோச்சிக்காத. சட்னிய எடுத்துக்க... மறுபடி கூப்புடறாரு பாரு. போம்மா. ‘தோ வரேன்’னு சொல்லு.”

அதைச் சொல்லப்போவது நிர்மலாவின் குரலா, தங்கையின் குரலா என்று காதுகொடுக்கத் துணியாமல், வசந்தா ரிசீவரை வைத்துவிட்டாள்.