நூற்று நாற்பது கம்பங்களுக்கு முத்திரை மறுத்த நீலக்காவுக்கு

மரம் காக்கும் மருந்துக்கூடத்தின் மாண்பே! சோதனை அறையின் சோராத கண்ணே! அச்சத்துக்கும் ஆசைக்கும் அசையாத அரிய நெஞ்சே! முப்பத்தோராண்டு உழைத்து இன்று மாலை விடைபெறும் எங்கள் நீலக்காவே! வணக்கம்.

இப்படித் தொடங்கி ஒரு மடலை முன்பே எழுதி முடித்துச் சட்டமும் போட்டுவிட்டோம். நேற்று அந்தச் சட்டத்தைக் கழற்றினோம். அதில் உங்கள் பொறுமையைப் புகழ்ந்து ஒரு பத்தி முழுக்க இருந்தது. அவ்வளவு பொறுமை உங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்று ஒரு வரிகூட இல்லை. ஆகவே மறுபடி எழுதினோம்.

பணியில் பழுதறியாதவரே! நீண்ட இரும்பு உருளைக்குள் மரத்தை அடைத்து, காற்றை உறிஞ்சி, மருந்தை அழுத்தி ஏற்றுவது எங்கள் வேலை. ஏறியதா என்று பார்ப்பது உங்கள் வேலை. துளைக்கருவியைத் திருகிக் கம்பத்திலிருந்து பென்சில் தடிமனில் ஒரு குச்சியை உருவுவீர்கள். அதன்மேல் சோதனைத் திரவத்தைத் தெளிப்பீர்கள். மருந்து போன இடம் நீலமாகும், போகாத இடம் செம்மஞ்சளாகவே நிற்கும். இருபத்திரண்டு ஆண்டு அந்தத் திரவம் தெறித்துத் தெறித்து உங்கள் வெள்ளை மேலங்கியின் கைநுனி நீலமேறியது. பெற்றவர்கள் வைத்த பெயரை நாங்கள் மறந்ததும் அதனால்தான்.

கையுறை போடாமல் ஈர மரத்தைத் தொட்டுவிட்டு அப்படியே சாப்பிட உட்கார்ந்த எங்கள் கிரேன் ஓட்டுநரின் தட்டைப் பிடுங்கினீர்கள். "போய்க் கையைக் கழுவு. இந்தக் கையோட தின்னா உன் வயித்துல கரையான் வராதுதான். ஆனா நீயும் இருக்க மாட்டே" என்றீர்கள். கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அவர் இருமுறை சோப்புப் போடுகிறார். எங்களில் பலருடைய நுரையீரலும் தோலும் இன்றைக்கு உருப்படியாக இருப்பது உங்கள் வாயால்தான்.

இனி, ஒன்பது ஆண்டுக்கு முந்தைய அந்த மழைக்காலத்துக்கு வருகிறோம்.

சந்தைக்குப் போகும் வழியில், கால்வாயின் மேல் நடைபாலம் கட்ட நூற்று நாற்பது கம்பங்கள் கேட்டிருந்தார்கள். நாற்பது நாள் காய வேண்டிய மரம் பதினொரு நாளில் உருளைக்குள் போனது. ஈர மரம் மருந்தைக் குடிக்காது என்பது எங்களுக்கும் தெரியும். நீங்கள் ஐந்து கம்பங்களைத் துளைத்தீர்கள். நம்ப முடியாமல் இன்னும் இருபதைத் துளைத்தீர்கள். விரலின் இரண்டு கணு ஆழத்துக்கு இருக்க வேண்டிய நீலம் ஓர் அரிசி நீளத்துக்குக்கூட இல்லை.

அப்போதைய மேலாளர் சோதனை அறைக்கே வந்தார்.

"ஏம்மா, மருந்து பட்டு மேல பச்சையாத்தானே இருக்கு? பார்க்கிறவனுக்கு என்ன தெரியப்போகுது?"

"பார்க்கிறவனுக்குத் தெரியாது சார். பூஞ்சைக்குத் தெரியும்."

தேர்ச்சி முத்திரையை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். மறுநாள் காலை அவர் ஒரு தாளோடு எங்களிடம் வந்தார். மருந்து உரிய ஆழத்துக்கு ஏறியதை நாங்கள் நேரில் பார்த்ததாக அதில் இருந்தது. "சும்மா ஒரு நடைமுறைக்குத்தாம்பா" என்றார். ஒன்பது பேர் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம். படித்துப் பார்த்தவர்கள் இரண்டு பேர். படித்தவர்களும் போட்டார்கள்.

நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உருளை இயக்குபவரிடம் மட்டும் கேட்டீர்கள்: "மருந்து ஏறலைன்னு மீட்டர்ல பார்த்தவனே நீதானே?"

"அக்கா, வீட்ல ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க."

"பாலத்துல நடக்கப்போறதும் யாரோ பெத்ததுதான்."

அந்த உருளை இயக்குபவர்தான் இப்போது உங்கள் முன் நின்று இம்மடலை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வாரமே உங்களைச் சோதனை அறையிலிருந்து வாசலில் உள்ள எடைமேடைக்கு மாற்றினார்கள். லாரி வரும், எண் எழுதுவீர்கள், லாரி போகும். நாங்கள் அந்த வழியாகத்தான் தினமும் உள்ளே போனோம். முதல் சில நாள் தலையைக் குனிந்துகொண்டு போனோம். பிறகு, வெட்கமில்லாமல், "சாப்டீங்களாக்கா?" என்று கேட்கத் தொடங்கினோம். நீங்களும் "ஆச்சுப்பா" என்றீர்கள். ஒன்பது ஆண்டும் அவ்வளவுதான் பேச்சு.

முத்திரை இல்லாமல், எங்கள் தாளை மட்டும் காட்டி அனுப்பிய கம்பங்களின் மேல் பாலம் ஐந்து ஆண்டு நின்றது. தோல் பச்சையாகவே இருக்க, வெடிப்பு வழியே நீர் இறங்கி உள்ளே மாவாகிப்போன கம்பங்கள் ஒரு காலையில் முறிந்தன. தைத்த துணியைச் சந்தைக்கு எடுத்துப்போன தையல்காரப் பெண் ஒருத்தி கற்களின் மேல் விழுந்தாள். உயிர் தப்பியது, வலது கால் திரும்பவில்லை.

விசாரணை வந்தது. உங்கள் சோதனைப் பதிவேட்டைக் கேட்டார்கள். அந்த நாளின் பக்கம் அதில் இல்லை. எங்கள் கையெழுத்துத் தாள் மட்டும் பத்திரமாக இருந்தது. சோதனைப் பிரிவின் கவனக்குறைவு என்று தீர்ப்பாகி, கண்டன ஓலை உங்கள் பெயருக்கு வந்தது. விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் ஒன்பது பேரும் உட்கார்ந்திருந்தோம். யாரும் எழுந்து உள்ளே போகவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்தது எங்கள் ஒன்பது பேரில் ஒருவரான எழுத்தரின் கை. இந்த வரியை இங்கே எழுதச் சொன்னவரும் அவரே.

மேலாளர் பதவி உயர்ந்து தலைமை அலுவலகம் போனார். இன்று காலை அவர் அனுப்பிய பூங்கொத்து மேடை ஓரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அந்தத் தையல்காரப் பெண் வீட்டுக்கு ஞாயிறுதோறும் நீங்கள் போவதும், காலால் மிதிக்க முடியாதவளுக்குக் கையால் சுழற்றும் இயந்திரம் தேடிக் கொடுத்ததும், துணி வெட்டிக் கொடுப்பதும் எங்களுக்குப் போன மாதம்தான் தெரிய வந்தது. விழவைத்தவர்கள் ஒருவரும் போகாத வீட்டுக்கு, தடுக்கப் பார்த்த நீங்கள் போய்க்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

போன வாரம் எடைமேடைக்கு வந்து உங்கள் முன் நின்றோம். நடந்ததையெல்லாம் எழுதி விசாரணையைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுக்கப்போகிறோம் என்றோம். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"எனக்காக எழுதாதீங்க. எனக்கு இன்னும் ஆறு நாள்தான் வேலை. அந்தப் பொண்ணுக்காக எழுதுங்க. நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் அதுல எழுதிடாதீங்க. நான் மன்னிக்கல."

எழுதவில்லை, அக்கா. மனுவிலும் எழுதவில்லை, இந்த மடலிலும் எழுதவில்லை. மனு நேற்று நேரில் கொடுக்கப்பட்டது. ஒப்புகைச் சீட்டு இம்மடலின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. இதனால் எங்கள் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. உங்கள் வேலைக்கு என்ன ஆனது என்று நன்றாகத் தெரியும்.

வளையாத வாய்மையே! வணங்கத் தகுந்தவரே! ஓய்வுபெறுபவரை நீடு வாழ்க என்று வாழ்த்துவது வழக்கம். நாங்களும் அதையே கேட்கிறோம். கண் மங்காமல், நினைவு குன்றாமல், குரல் தளராமல் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். விசாரணை மறுபடி திறக்கும் நாளில் அந்த அறைக்குள் நிமிர்ந்து நடந்து, எங்கள் ஒவ்வொருவரையும் விரல்நீட்டிக் காட்டி, எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும்.

இங்ஙனம்,
அன்று கையெழுத்திட்ட ஒன்பது பேரில் இன்று உயிரோடிருக்கும் எட்டுப் பேர்.
(எட்டுப் பேரும் படித்துப் பார்த்தே கையெழுத்திட்டிருக்கிறோம்.)